காட்டுங்கள், பார்ப்போம்! – கப்பல் பரிசோதனை பற்றிய கேள்வி பதில்கள்

பதினோரு வருடம் இன்ஜின் ரூமில் எண்ணெயோடு எண்ணெயாகக் கிடந்தேன். அப்புறம் பத்தொன்பது வருடம், துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களில் ஏறிக் குறை கண்டுபிடிப்பதே பிழைப்பு. எந்தக் கப்பலிலாவது என்னை மனதார வரவேற்றிருப்பார்களா என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். போன இதழில் இந்த வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதியதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துக்கொண்டு, முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

"ஒரு நாட்டின் கொடி பறக்கும் கப்பல் அந்த நாட்டு மண்ணுக்குச் சமம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறகு எந்த உரிமையில் இன்னொரு நாட்டு அதிகாரி அதில் ஏறிச் சோதனை போடுகிறார்?" – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

நடுக்கடலில் நீங்கள் சொல்லிக் கொடுத்தது ஏறக்குறைய சரிதான், ஐயா. துறைமுகத்துக்குள் வந்து கயிறு கட்டிவிட்டால் கதை வேறு. அங்கே கப்பல் ஒரு விருந்தாளி. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, வீட்டைக் கொளுத்துவதற்கு உரிமை கிடையாது.

கப்பலின் பாதுகாப்புக்கு முதல் பொறுப்பு கொடி நாட்டுக்குத்தான். சான்றிதழ் கொடுப்பதும் அவர்கள், சரிபார்க்க வேண்டியதும் அவர்கள். ஆனால் உலகின் மிகப் பெரிய கப்பல் பதிவேடுகள் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகிய நாடுகளுடையவை. முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், நிர்வாகக் கம்பெனி இன்னொரு நாட்டில், மாலுமிகள் நான்கு நாட்டுக்காரர்கள். தன் கொடி நாட்டின் கரையை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்க்காமல் உடைக்கப் போகும் கப்பல்கள் ஏராளம். அதற்காக இந்த மூன்று கொடிகளும் மோசம் என்று அர்த்தமில்லை. மோசமான கொடிகள் வேறு, அவற்றில் சிலவற்றின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள்.

இதையெல்லாம் மாற்றியது ஒரு விபத்து. 1978 மார்ச் 16 அன்று அமோகோ காடிஸ் என்ற லைபீரியக் கொடிக் கப்பல், பிரான்சின் பிரிட்டனி கரைக்கு அருகே சுக்கான் இயந்திரம் பழுதாகிப் பாறையில் போய் மோதியது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அதே மாதம்தான் சில ஐரோப்பிய நாடுகள் ஹேக் நகரில் கூடி, கப்பல்களில் மாலுமிகளின் வேலை நிலைமையைச் சோதிப்பது என்று ஒப்பந்தம் போட்டிருந்தன. 'அது மட்டும் போதாது, கப்பலையே முழுசாகப் பார்க்க வேண்டும்' என்ற குரல் எழுந்தது. 1982 ஜனவரியில் பாரிஸில் 14 நாடுகள் கையெழுத்திட்டன. என் கப்பலில் குறை இருந்தால் நீ பிடி, உன் கப்பலில் இருந்தால் நான் பிடிக்கிறேன், தகவலைப் பகிர்ந்துகொள்வோம். சாரம் இவ்வளவுதான். இன்று பாரிஸையும் சேர்த்து டோக்கியோ, இந்தியப் பெருங்கடல், கரீபியன், கருங்கடல் என்று இதேபோல் ஒன்பது கூட்டணிகள் இருக்கின்றன. அமெரிக்கா மட்டும் தன் கடலோரக் காவல் படையை வைத்துத் தனியாக நடத்துகிறது.

இன்னொன்று. 'எங்கள் நாடு அந்தச் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்தே போடவில்லை' என்று கேப்டன் சொன்னால் தப்பிக்க முடியாது. கையெழுத்துப் போடாத கொடிக்குக் கூடுதல் சலுகை கிடையாது என்பது சர்வதேச விதியிலேயே இருக்கிறது.

"தினமும் இத்தனை கப்பல் வருகிறது. எதில் ஏறுவது என்று எப்படி முடிவு செய்வீர்கள்? சீட்டுக் குலுக்கலா?"

கம்ப்யூட்டர்தான் பட்டியல் தருகிறது. கப்பலின் வயது, வகை, கொடியின் பழைய வரலாறு, நிர்வாகக் கம்பெனி, கடந்த 36 மாதத்தில் எத்தனை குறை, எத்தனை முறை பிடித்து வைக்கப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பாரிஸ் கூட்டணியில் அபாயம் அதிகமுள்ள கப்பலை 5, 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். நல்ல பெயர் வாங்கிய கப்பலை 24 முதல் 36 மாதம் வரை தொந்தரவு செய்ய மாட்டார்கள். டோக்கியோ கூட்டணி இன்னும் கண்டிப்பு: அபாயக் கப்பலுக்கு 2 முதல் 4 மாதம், நல்ல கப்பலுக்கு 9 முதல் 18 மாதம்.

ஆனால் என் அனுபவத்தில், கப்பலை உள்ளே கொண்டுவந்த பைலட் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஈடில்லை. 'பின்னோக்கி எடுக்கச் சொன்னேன், இன்ஜின் மூன்றாவது முயற்சியில்தான் கிளம்பியது' என்று அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டால், அன்றைய பட்டியலை மடித்து வைத்துவிட்டு அந்தக் கப்பலுக்குத்தான் போவேன்.

இதுபோக, ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒரே ஒரு விஷயத்தைத் துருவிப் பார்க்கும் இயக்கம் நடக்கும். 2022இல் மாலுமிகளின் பயிற்சித் தகுதி, 2023இல் தீப் பாதுகாப்பு, 2024இல் சம்பளமும் வேலை ஒப்பந்தமும், 2025இல் நிலைப்பு நீர், அதாவது கப்பல் சாயாமல் நிற்கத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் தண்ணீர். அறிவித்துவிட்டுச் செய்வதால் அந்த மூன்று மாதமும் எல்லாக் கப்பலிலும் அந்த ஒரு சாமான் மட்டும் பளபளவென்று இருக்கும்.

"ஏறியதும் முதலில் என்ன பார்ப்பீர்கள்?"

ஏறுவதற்கு முன்பே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். கரையில் நின்றபடி ஐந்து நிமிடம். கேங்வே என்ற ஏறும் படிக்கட்டு சரியாகக் கட்டியிருக்கிறதா, அடியில் வலை இருக்கிறதா? கட்டுக் கயிறுகள் நைந்து பஞ்சு பஞ்சாக நிற்கின்றனவா? இதற்கு மேல் கப்பல் மூழ்கக் கூடாது என்று காட்டும் சுமைக் கோடு பெயின்ட் அழிந்து கிடக்கிறதா, தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறதா? மேலே ஏறியதும் கேங்வேயில் நிற்கும் மாலுமி என் அடையாள அட்டையைக் கேட்கிறாரா, இல்லை பேசாமல் வழிவிடுகிறாரா? அட்டையைக் கேட்டு, வாங்கிப் பார்த்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் என் மனசுக்குள் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி. வழிவிட்டால் அன்று மதியச் சாப்பாடு தாமதமாகும்.

அப்புறம் கேப்டன் அறையில் காகிதங்கள். இது சலிப்பான வேலை. தேதி முடிந்திருக்கிறதா, ஆண்டு சர்வே முத்திரை விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான். காகிதம் எல்லாம் ஒழுங்காக இருந்து, கப்பலைச் சுற்றி வரும்போதும் சந்தேகப்பட ஒன்றும் இல்லையென்றால், நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். ஆழமாகத் தோண்டத் 'தெளிவான காரணம்' வேண்டும் என்பது விதி. அந்தக் காரணம் எங்கே கிடைக்கும் என்பதில்தான் வேலையின் ருசியே இருக்கிறது.

ஒரு பழைய சரக்குக் கப்பல். காகிதம் அத்தனையும் சுத்தம். அவசரத் தீயணைப்புப் பம்பை வாராவாரம் இயக்கிப் பார்த்ததாகவும், நன்றாக ஓடியதாகவும் பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. இன்ஜின் ரூமே தீப்பிடித்தாலும் வெளியிலிருந்து தண்ணீர் தர வேண்டிய பம்பு அது. சரி, காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். கீழே இறங்கினோம். பம்பின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, நிறைய கடல் தண்ணீர். வாளியின் கைப்பிடியில் துணி சுற்றியிருந்தது. வெறும் கம்பி கையை அறுக்கும் அல்லவா, அதற்காக. அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரே ஒருநாள் தூக்கிய வாளிக்கு யாரும் துணி சுற்ற மாட்டார்கள்.

'வாளியைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்' என்றேன். ஃபிட்டர் சீஃப் இன்ஜினியரைப் பார்த்தார், சீஃப் இன்ஜினியர் தரையைப் பார்த்தார். மோட்டார் ஓடியது. மேலே டெக்கில் இரண்டு ஹோஸ்களைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். மூன்று நிமிடம் ஆகியும் ஒரு சொட்டு வரவில்லை. உறிஞ்சு குழாயில் எங்கோ ஓட்டை, காற்று இழுக்கிறது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பம்பை நிரப்பினால்தான் பிடிக்கும். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டேன், பதில் இல்லை. புகை சூழ்ந்த இருட்டில் அந்த வாளியை யார் தேடுவார்? கப்பல் அன்றிரவு கிளம்பவில்லை.

மற்றபடி வழக்கமாகச் சிக்குபவை: தானாக மூட வேண்டிய ஃபயர் டோரைக் கயிறு போட்டுக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள், சமையலறைக்குத் தட்டு தூக்கிப் போக வசதியாக. காற்றுக் குழாய் மூடிகள் துருப்பிடித்து அசையாது. கரன்ட் போனால் அவசர ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் தானாக இயங்கி விளக்கெரிய வேண்டும். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அந்த 45 வினாடியும் யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

"என் மகன் தேர்டு ஆஃபீசராகச் சேர்ந்திருக்கிறான். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினவனுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் மறுபடி பரீட்சை வைப்பார்களாமே? அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்." – ஒரு அம்மா

பயப்படாதீர்கள் அம்மா. மறுபடி பரீட்சை வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. மாலுமிகளின் பயிற்சி, தகுதிச் சான்றிதழ், வாட்ச் எனப்படும் முறைப்பணி ஆகியவற்றுக்கான சர்வதேச உடன்படிக்கை 1978இல் வந்தது. 1995இலும், மணிலாவில் 2010இலும் பெரிதாகத் திருத்தினார்கள். இன்னொரு நாடு முறைப்படி கொடுத்த சான்றிதழை நாங்கள் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும், போலி என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தாலொழிய. போலியும் வருகிறது என்பது வேறு விஷயம். இப்போதெல்லாம் கொடுத்த அலுவலகத்தின் இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடுகிறது.

எனவே முதலில் நாங்கள் பார்ப்பது எண்ணிக்கை. இந்தக் கப்பலுக்குக் குறைந்தது இத்தனை பேர், இந்தந்தத் தகுதியோடு வேண்டும் என்று கொடி நாடு கொடுத்த தாள் ஒன்று இருக்கும். ஆள் கணக்கு அதனோடு ஒத்துப்போகிறதா? சான்றிதழ் கொடுத்தது ஒரு நாடு, கப்பலின் கொடி வேறு நாடு என்றால், கொடி நாட்டின் அங்கீகார முத்திரையும் வேண்டும். விண்ணப்பித்துவிட்டேன் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மூன்று மாதம் வரை சமாளிக்கலாம். நான்காவது மாதத்திலும் அதே விண்ணப்ப நகலை நீட்டினால் கஷ்டம்.

கப்பல் மோதியது, தரை தட்டியது, கழிவு எண்ணெயைக் கொட்டியது, தாறுமாறாக ஓட்டப்பட்டது, இப்படி ஏதாவது இருந்தால், அல்லது சுற்றி வரும்போது சந்தேகம் வந்தால்தான் ஆட்களின் திறமையைப் பார்ப்போம். அப்போதும் கேள்வித்தாள் கிடையாது. அவரவர் வேலை செய்யும் இடத்தில் நின்று, அவரவர் வேலையைச் செய்து காட்டச் சொல்வோம்.

லைஃப்போட் இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்ன ஒரு நாள் ஞாபகம் இருக்கிறது. அவசரத்தில் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியலில் பெயர் இருந்தது உங்கள் மகன் வயதுள்ள ஒரு தேர்டு ஆஃபீசருடையது. படகுக்குள் ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருப்பினார். உறுமியது, அடங்கியது. மறுபடி உறுமியது, அடங்கியது. அவருடைய காது மடல் சிவந்துபோனது. பின்னால் நின்ற வயதான மாலுமி ஒன்றும் பேசாமல் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி, ஒரு சின்ன எரிபொருள் வால்வைக் கால் திருப்புத் திருப்பினார். அடுத்த முயற்சியில் இன்ஜின் ஓடியது. எழுதியிருப்பது ஒருவர் பெயர், தெரிந்தவர் வேறொருவர். விதிப்படி அந்த இன்ஜினை வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் எல்லா வாரமும் தேர்டு ஆஃபீசர் கையெழுத்து இருந்தது.

அந்தப் பையனைக் குறையாக நான் எழுதவில்லை, கப்பலின் பயிற்சி முறையை எழுதினேன். ஏறிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு யாரும் அந்த வால்வைக் காட்டவில்லை.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் 'தெரியாது, கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லட்டும். பார்த்துச் சரியாகச் சொன்னால் என் கணக்கில் அது முழு மதிப்பெண். அடித்துவிடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு நடுக்கம். அவனுக்குப் பதிலாகக் கேப்டன் பதில் சொல்ல முந்தினால், கேப்டனை மெதுவாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிடுவோம். கூச்ச சுபாவம் ஒரு குறையே அல்ல.

"நாலு நாட்டு ஆட்கள் ஒரே கப்பலில். மொழிப் பிரச்சினையை எல்லாம் பார்ப்பீர்களா?"

கட்டாயம். 1990 ஏப்ரல் 7ஆம் தேதி நார்வேயிலிருந்து டென்மார்க் போய்க்கொண்டிருந்த ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் புதியவர்கள், தீயணைப்பு ஒத்திகை நடக்கவில்லை, ஒருவர் பேசியது ஒருவருக்குப் புரியவில்லை. கருவி இருந்தால் மட்டும் போதாது, ஆட்களுக்கு அதை இயக்கத் தெரியுமா என்பதையும் துறைமுக அதிகாரி சோதிக்கலாம் என்று உலகம் ஒப்புக்கொண்டதற்கு அந்த மாதிரி விபத்துகள்தான் காரணம். 1996 முதல் அது கடல் பாதுகாப்பு உடன்படிக்கையிலேயே ஒரு விதி.

நான் செய்யும் எளிய சோதனை இது. ஒத்திகையின்போது கேப்டன், கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து வாக்கிடாக்கியில் கொடுக்கும் உத்தரவை, கீழே ஹோஸ் பிடித்து நிற்பவரிடம் நின்று கேட்பேன். 'இப்போது என்ன சொன்னார்?' சிலர் சரியாகச் சொல்வார்கள். சிலர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நல்லதல்ல.

"ஓய்வு நேரத் தாளில் பொய் எழுதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா?" – இப்போதும் கடலில் இருக்கும் ஒரு செகண்ட் ஆஃபீசர்

தெரியும் தம்பி. கோபம் நியாயமானது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு. அந்த 10 மணியை இரண்டாகப் பிரிக்கலாம், அதில் ஒன்று தொடர்ச்சியாக 6 மணி இருக்க வேண்டும். இது சட்டம். நீங்கள் நிரப்பும் தாளில் இது எப்போதும் அச்சுப் பிசகாமல் இருக்கும். மீறினால் சாஃப்ட்வேர் சிவப்பாகக் காட்டும், சிவப்பு போகும்வரை நேரத்தை மாற்றுவார்கள். தூங்குகிற ஆளைவிடத் தூங்கியதாகக் காட்டும் தாள்தான் கப்பலில் அதிகம்.

நாங்கள் அந்தத் தாளைத் தனியாகப் பார்ப்பதில்லை. லாக் புக், இன்ஜின் ஆர்டர் பதிவு, எண்ணெய்ப் பதிவேடு, நங்கூரம் போட்ட நேரம், பைலட் ஏறிய நேரம் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துக்கொள்வோம். ஒருமுறை தாளின்படி அதிகாலை இரண்டு மணிக்கு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த ஓர் அதிகாரி, அதே இரண்டு மணிக்கு எரிபொருள் ஏற்றிய ரசீதில் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கப்பலில் எங்களுக்குக் கிடைப்பது அரை நாள். ஆள் குறைவாக இருப்பதுதான் அடிப்படைக் காரணம், ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கொடி நாடு. தாளில் உள்ள அளவுக்கு ஆள் இருந்துவிட்டால், 'இன்னும் ஒருவரைப் போடு' என்று சொல்ல எங்களுக்கு வழியில்லை. இந்த வேலையில் எனக்குத் தோல்வி என்று தோன்றுவது இதுதான்.

"மேஜிக் பைப்பை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" – இன்ஜினியரிங் பயிற்சி மாணவர்

எதற்குக் கேட்கிறீர்கள் என்று புரியாமல் இல்லை! தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ரூமின் அடியில் சேரும் எண்ணெய்த் தண்ணீரைப் பிரித்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல்தான் கடலில் விட வேண்டும். பிரிக்கும் கருவியைச் சுற்றிக்கொண்டு நேரே கடலுக்குப் போகும் திருட்டுக் குழாய்தான் மேஜிக் பைப்.

குழாயைத் தேட மாட்டேன், போல்ட்டுகளைப் பார்ப்பேன். சுற்றிலும் பத்து வருடப் பெயின்ட் படிந்திருக்க, ஒரு ஃபிளாஞ்சின், அதாவது குழாய் இணைப்புத் தட்டின், நான்கு போல்ட் தலைகளில் மட்டும் ஸ்பானர் பட்டு மின்னினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. வெளியே போகும் குழாயின் கடைசித் துண்டைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலை விடுவேன். விரல் கறுப்பாக வந்தால் பேச்சே வேண்டாம்.

அப்புறம் கணக்கு. கனரக எண்ணெய் எரிக்கும் கப்பலில், எரித்ததில் நூற்றுக்கு ஒரு பங்காவது கசடாகச் சேரும். அது எங்கே போனது? கரையில் கொடுத்த ரசீது இருக்கிறதா, இல்லை எரியுலையில் எரித்தார்களா? முந்தைய இரவு எட்டு மணி நேரம் எரித்ததாக எழுதியிருந்த ஒரு கப்பலில், எரியுலையின் பர்னர் முனை ஒர்க்‌ஷாப் மேஜையில் துணியில் சுற்றிக் கிடந்தது. ரிப்பேருக்குக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்ததாம். எண்ணெய்ப் பதிவேட்டை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பொய்யும் கூடவே மூன்று வருடம் பத்திரமாக இருக்கும்.

அமெரிக்காவில் இதற்குக் கிரிமினல் வழக்கு. கொட்டியதைவிடப் பொய்ப் பதிவேட்டைக் காட்டியதற்காகத்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். தகவல் சொன்ன மாலுமிக்கு அபராதத்தில் பாதி வரை கொடுக்க அங்கே நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சீஃப் இன்ஜினியர் சொன்னார் என்று ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. குளிர் அறையில் காய்கறி இல்லை. உங்களிடம் சொன்னால் வேலை போய்விடுமா?"

சொல்லுங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் உருவாகி 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. சம்பளம், சாப்பாடு, குடிநீர், படுக்கும் இடம் எல்லாம் இப்போது பரிசோதனைக்கு உட்பட்டவை. புகார் கொடுத்தவர் யார் என்பதை நாங்கள் கேப்டனிடம் சொல்லக் கூடாது. சும்மா வழக்கமான பரிசோதனைக்கு வந்த மாதிரி ஏறி, முதலில் லைஃப்போட்டைப் பார்த்துவிட்டு, போகிற வழியில் குளிர் அறைக் கதவைத் திறப்போம். இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே மாலுமியைக் கைவிட்டதாகக் கருத விதியில் இடமிருக்கிறது. உங்களுக்கு மூன்று ஆகிவிட்டது.

"கப்பலைப் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? கைவிலங்கா?"

கைவிலங்கெல்லாம் சினிமாவில். ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் போடுவோம். 17 என்றால் கிளம்பும் முன் சரிசெய். 16 என்றால் 14 நாளுக்குள். 30 என்றால் இதை வைத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது, கப்பல் இங்கேயே நிற்கும். கொடி நாட்டுக்கும் தூதரகத்துக்கும் தகவல் போகும். சரிசெய்ததும் மறுபடி வந்து பார்ப்போம், அந்தச் செலவு முதலாளி தலையில். முதலாளி மேல்முறையீடு செய்யலாம். நியாயமில்லாமல் பிடித்து வைத்திருந்தால் நஷ்டஈடு கேட்கவும் உரிமை உண்டு. பேனாவால் 30 என்று எழுதும்போது கை கொஞ்சம் யோசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பத் திரும்பச் சிக்கும் கப்பலுக்குப் பாரிஸ் கூட்டணியின் துறைமுகங்களில் நுழையவே தடை. முதல் தடை குறைந்தது மூன்று மாதம், அடுத்தது ஒரு வருடம். அதற்கு மேலும் திருந்தாவிட்டால் நிரந்தரமாகவே கதவடைப்பு.

"சிகரெட் கார்ட்டன் கதையைப் பற்றி எழுதத் தைரியம் உண்டா?"

உண்டு. காகிதங்களுக்கு முன்பாகவே மேஜையில் கார்ட்டன் வந்து உட்கார்ந்த கப்பல்கள் இருக்கின்றன. சேர்ந்த புதிதில் ஒரு கேப்டனிடம் 'இதை எடுத்துவிடுங்கள்' என்றேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய், 'இது போதாதா?' என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முந்தைய துறைமுகங்கள் அவருக்கு என்ன பாடம் நடத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கு மருந்து உபதேசம் அல்ல. அறிக்கை உடனுக்குடன் பொதுத் தகவல் தளத்தில் ஏறிவிடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்ட துருப்பிடித்த மூடியை அடுத்த துறைமுகத்து ஆள் பத்தாவது நாளே படம் எடுத்துப் போட்டுவிடுவார். பத்து நாளில் அப்படித் துருப்பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

"பரிசோதனையில் குறையே இல்லை என்று சொன்ன கப்பலும் விபத்தில் சிக்குகிறதே?"

சிக்குகிறது. டாலி என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பலை 2023இல் இரண்டு முறை சோதித்தார்கள். சிலியில் ஒரு குறை எழுதினார்கள், சரிசெய்யப்பட்டது. செப்டம்பரில் நியூயார்க்கில் குறையே இல்லை. 2024 மார்ச் 26 அதிகாலை, பால்டிமோரில் மின்சாரம் போய், கப்பல் பாலத்தூணில் மோதி, பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். முதல் மின்தடைக்குக் காரணம், இணைப்புக் கட்டையில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஓர் ஒயர் என்று விசாரணையில் தெரிந்தது. ஒயரின் பெயர்ச்சீட்டு தவறாக மாட்டப்பட்டிருந்ததால் அது முழுசாக உள்ளே போகவில்லை.

அந்தக் கப்பலில் நான் ஏறியிருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆயிரக்கணக்கான இணைப்புகள், எங்களுக்கு அரை நாள். நாங்கள் பார்ப்பது பானைச் சோற்றில் ஒரு பருக்கை. பருக்கை வேகவில்லை என்றால் பானை வேகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். பருக்கை வெந்திருந்தால், பெரும்பாலும் வெந்திருக்கும் என்றுதான் சொல்ல முடியும்.

"என் கணவர் அடுத்த மாதம் ஏறப்போகும் கப்பல் எப்படிப்பட்டது என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?"

உண்டு. கப்பலின் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஏழு இலக்கம். பெயரை மாற்றுவார்கள், கொடியை மாற்றுவார்கள், அந்த எண் மட்டும் கப்பல் உடையும்வரை மாறாது. எக்வாசிஸ் என்ற இணையதளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு அந்த எண்ணைப் போட்டால், எந்தத் துறைமுகத்தில் எப்போது சோதித்தார்கள், எத்தனை குறை, பிடித்து வைத்தார்களா என்பதெல்லாம் வரும்.

குறைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள். ஃபயர் டோர் சரியாக மூடவில்லை என்பது நல்ல கப்பலிலும் இருக்கும். ஒரே குறை இரண்டு மூன்று துறைமுகங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சில வருடங்களுக்குள் கொடியும் பெயரும் கம்பெனியும் பலமுறை மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். சம்பளம், சாப்பாடு என்ற தலைப்பில் ஏதாவது எழுதியிருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன் அந்தக் கப்பலிலிருந்து இறங்கி வந்த யாரையாவது தேடிப் பிடித்து ஒரு போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள்.